பதினோரு வெள்ளைத் துண்டுகள்

ஆண்டர்சன்பேட்டையில் ஏசுபாதத்துக்குக் குமட்டாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கோயில் பீடத்துச் சிலுவை. போன கிறிஸ்துமஸுக்கு எவனோ அதற்கும் தங்க வார்னிஷைப் பூசிவைத்தான். அன்றோடு அதுவும் போயிற்று.

மற்றதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சுரங்கக் கம்பெனிக்காரர்கள் தங்கத்தை உறிஞ்சிக்கொண்டு சக்கையை மலை மலையாகக் கொட்டியிருந்தார்கள். காற்றடித்தால் அந்த மண் சோற்றில் விழும், கண்ணில் விழும், பச்சைக் குழந்தை வாயில் விழும். மில்லின் நிலக்கரிப் புகை ஒரு பக்கம், கக்கூஸ் வண்டியின் வாடை ஒரு பக்கம். பேத்தமங்களா ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்து இரண்டு வருஷமாகியும் குழாயடியில் குடத்தால் மண்டையை உடைத்துக்கொள்வது நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆமென் சொன்ன வாய் ஆறுவதற்குள் கள்ளுக்கடையில் போய் நிற்பார்கள். இதையெல்லாம் பார்த்து ஏசுபாதம் காறித் துப்புவான். துப்பிய இடத்தையும் பார்த்து முகம் சுளிப்பான்.

குமட்டுகிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டு போகவேண்டியதுதானே? போகமாட்டான். கிட்டத்தில் போய் உட்கார்ந்து அதை வரைவான்.

தொழில் என்னவோ எழுத்து எழுதுவதுதான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை, கூலி லைன் வீடுகளின் கதவுக்கு நம்பர், கல் ஏற்றும் தள்ளுவண்டிகளுக்கு நம்பர். கோலாரின் தங்கவயல் முழுக்க அவன் கை எழுதிய எண்கள்தான். வயிற்றுக்கு எழுத்து, வயிற்றெரிச்சலுக்குப் படம் என்று அவனே சொல்லிக்கொள்வான். இறைச்சிக் கடையில் ஈ எத்தனை மொய்த்ததோ அத்தனை ஈ படத்தில் இருக்கும். நாவிதர் கிண்ணத்துத் தண்ணீரின் நிறம்கூடத் தப்பாது. தெருவில் போனவர்களெல்லாம் அவன் கடை வாசலில் மாட்டியிருக்கும் படத்தில் தங்களைக் கண்டுபிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். "யோவ், என் வேட்டி கிழிசலையா வரையறே? எனக்கு இப்படியா தொந்தி கீது?" ஒரு நாள் தவறாமல் இந்தப் பாட்டு உண்டு. ஏசுபாதத்தின் படத்தில் ஒரு குறையும் இருக்காது, அதுதான் அதிலுள்ள குறை என்று ஊரில் பேச்சு.

அந்தப் புதன்கிழமை அவன் சுரங்கத்துக்குள் இறங்கும் ஏழாம் நம்பர் ஷாஃப்ட் வாசலில் போய் உட்கார்ந்தான். காலை ஷிஃப்டுக்குக் கூண்டில் இறங்கப்போகிறவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவன் கழுத்திலும் கயிற்றில் கோத்த பித்தளைப் பில்லை தொங்கும், அதில் அவன் நம்பர் வெட்டியிருக்கும். கம்பெனிக்கு ஆளைத் தெரியாது, பில்லையைத்தான் தெரியும். அன்றைக்கு வரிசையில் பதினோரு பேர். முன்னால் குடையும் மோதிரமுமாகக் கன்னியப்பன் மேஸ்திரி, ஆள் கொண்டுவந்து விடுகிற ஒப்பந்தக்காரர். பக்கத்து ஜன்னலில் ஆஜர் எழுதுகிற குமாஸ்தா ஜெயகரன், பேனாவை மசிக்கூட்டில் விட்டுவிட்டுக் குச்சியால் காதைக் குடைந்துகொண்டிருந்தான். எல்லாவற்றையும் ஏசுபாதம் தாளில் இறக்கிக்கொண்டான். கொட்டாவியை, சொறியை, கோழையை, பில்லைகளின் நம்பரை. நம்பரை விட்டுவிட்டு வரைய அவன் கைக்குத் தெரியாது.

அன்றைக்கு மத்தியானமே அந்த ஷாஃப்டின் அடியில் பாறை வெடித்தது. ஏர் பிளாஸ்ட் என்பார்கள். ஒருவன் செத்தான். கூழாய்ப் போன உடம்பை முகம் வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை. கழுத்துப் பில்லையைக் கழுவிப் பார்த்து எழுநூற்றுப் பதினான்கு, பெருமாள் என்று எழுதிக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் மேஸ்திரியே முன்நின்று புதைத்துவிட்டார். பெருமாள் குடும்பம் இல்லாத தனிக்கட்டை, அழுவதற்கும் ஆள் இல்லை. இது ஏசுபாதத்தின் காதில் விழுந்தது, ஊர்ச் செய்திகள் விழுகிற மாதிரி. அவனுக்கு முகங்கள்தான் தெரியும், பேர்கள் தெரியாது.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு கடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, அந்தப் பொதங்கெழம காலைல ஷாஃப்டாண்ட உக்காந்து படம் போட்டியாமே. அதுல எங்க வூட்டுக்காரரு கீறாரா?"

"உங்க வூட்டுக்காரரு யாரும்மா?"

"கோவிந்தன். எம்பேரு ரத்தினம்மா. மூணாவது நின்னிருப்பாரு. முதுகுல வேக்குரு, சொறிஞ்சிகினே இருப்பாரு."

ஏசுபாதத்துக்கு உடனே ஞாபகம் வந்தது. முழங்கை பின்னால் நிற்பவன் மார்பில் இடிக்க, சுகமாகக் கண்ணை மூடிச் சொறிந்துகொண்டிருந்தவன். அந்த அரைக்கண் சுகத்தைக் கடைக்குத் திரும்பி வந்து வரைய அவனுக்கு அரை நாள் ஆனது.

ரத்தினம்மா நின்றபடியே சொன்னாள். அந்தக் காலையில் பெருமாள் கள்ளைக் குடித்துவிட்டுக் கவிழ்ந்து கிடந்தான். ஆள் வராவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். இந்த மாதிரி நாளில் ஒருத்தன் பில்லையை இன்னொருத்தன் மாட்டிக்கொண்டு இறங்குவது லைனில் எல்லோரும் செய்வதுதான். மேஸ்திரி பார்த்தும் பாராமல் இருப்பார், அதற்கு வேண்டியது அவருக்குப் போய்ச் சேரும். கோவிந்தனுக்கு அன்றைக்கு ஷிஃப்ட் கிடையாது. மேஸ்திரிதான் அவனை எழுப்பி அனுப்பினார்.

"கயித்துல முடிச்சு போட்டு பெருமாளு பில்லைய அவரு கழுத்துல மாட்டி உட்டதே நான்தான் அண்ணா. இப்போ செத்தது பெருமாளுன்றாங்க. பெருமாள மேஸ்திரியே ரயிலேத்தி குடியாத்தம் பக்கம் அவங்க அக்கா வூட்டுக்கு அனுப்பிட்டாரு. எங்க வூட்டுக்காரரு எவளையோ இஸ்துகினு ஓடிட்டாராம். வாய் கூசாம சொல்றாங்க."

"லைன்ல பாத்தவங்க சொல்லமாட்டாங்களா?"

"அத்தினி பேருக்கும் தெரியும். கேட்டா, நான் பாக்கலைன்றான், நான் அன்னிக்கு அங்கயே இல்லைன்றான். பில்லை மாத்தினது வெளிய தெரிஞ்சா எல்லார் வேலையும் பூடும்னு மேஸ்திரி மெரட்டி வெச்சிகீறாரு." குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு லைன் வூடு கெடையாதாம். மாசக் கடசில காலி பண்ணணும். அது போனா போவுது. தாலிய அறுக்கறதா வெச்சிக்கறதான்னே தெரியாம நிக்கறேன். வாசல்ல போறவன்லாம் கண்ணடிக்கிறான். மூஞ்சி அவருது, பில்லை பெருமாளுது. உன் படத்துல அது இருக்கும். அத்தக் கொண்டுபோய் ஆபீஸ்ல காட்டணும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பூசணிக்காயின் மேல் கடைசிப் பிடி சோற்றை அள்ளிப் போட்டவன் ஏசுபாதம்தான்.

நடந்தது இதுதான். பாறை வெடித்த நாலாம் நாள் ஓர் இன்ஜினியர் துரையின் துரைசானி குதிரை வண்டியில் கடைத்தெருப் பக்கம் வந்தாள். வாசலில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவளுக்கு அது பிடித்துவிட்டது, பிடிக்கவும் இல்லை. "அழுக்கு. ரொம்ப அழுக்கு," என்றாள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு. சாப்பாட்டு அறையில் மாட்டவேண்டுமாம். சாப்பிடுகிற இடத்தில் சொறியும் வியர்வையுமாக வெற்று மார்புகள் வேண்டாம், எல்லோருக்கும் வெள்ளையாக ஒரு துண்டு போர்த்திக் கொடு என்றாள். அது நன்றாக வந்தால் சீமையில் இருக்கிற தங்கைக்கு அனுப்ப இதே மாதிரி பன்னிரண்டு படம் வேண்டும் என்றும் சொன்னாள்.

பன்னிரண்டு படம்! வண்டி நம்பர் எழுதி எழுதி விரல் மரத்துப்போனவனிடம் இதைச் சொன்னால் என்ன செய்வான்? பதினோரு துண்டு போட்டான். சபேதா என்கிற வெள்ளை ஈயத்தைக் குழைத்து, சொறியை மறைத்து, விலா எலும்பை மறைத்து, பில்லையை மறைத்து, சலவைக்குப் போய் வந்த மாதிரி பதினோரு வெள்ளைத் துண்டுகள். ஒவ்வொன்று போடும்போதும் வாயில் எச்சில் ஊறியது. துப்பிவிட்டு அடுத்ததைப் போட்டான்.

இப்போது ரத்தினம்மா பதிலுக்கு நின்றாள்.

"படத்த ஒரு துரைசானி வாங்கினு பூட்டாங்கம்மா," என்றான் ஏசுபாதம். அதோடு நிறுத்தியிருக்கலாம். பன்னிரண்டு படம் நாக்கைப் பிடித்து இழுத்தது. "அதுல பில்லையெல்லாம் தெரியாது. அன்னிக்கு எல்லாரும் துண்டு போத்தியிருந்தாங்க. வெள்ளத் துண்டு."

ரத்தினம்மா அவனை நிதானமாகப் பார்த்தாள்.

"எங்க வூட்ல ஏது அண்ணா வெள்ளத் துண்டு?"

அவ்வளவுதான் கேட்டாள். பிறகு குழந்தையின் மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

அன்றைக்கு ஏசுபாதத்துக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பது வருஷமாக ஊரைப் பார்த்துக் குமட்டியவன் அன்று கை கழுவும்போது தன் கையைப் பார்த்துக் குமட்டினான். நகக்கண்ணில் சபேதா ஒட்டியிருந்தது.

ஆறாம் நாள் துரைசானி வீட்டு பட்லர் ஆபிரகாம் கடைக்கு வந்தான். வெள்ளை உடுப்பு, இடுப்பில் சிவப்புப் பட்டை, முகத்தில் எப்போதும் யாரோ அடிக்கப்போகிற மாதிரி ஒரு பயம்.

"இன்னாய்யா பெயிண்ட் அடிச்சே? துண்டெல்லாம் கறுத்துப்போச்சி. துரைசானி கத்தறாங்க. வந்து வெளுத்துக் குடு."

சபேதாவுக்கு அந்தக் குணம் உண்டு. நல்ல காற்றில் வெளுப்பாக நிற்கும், கெட்ட காற்றுப் பட்டால் கறுக்கும். நிலக்கரிப் புகையும் கக்கூஸ் ஆவியும் கலந்த இந்த ஊர்க் காற்றுக்கு ஒரு மாசம் தாங்காது. ஏசுபாதத்துக்கு இது தெரியாததில்லை. கடையில் வேறு வெள்ளை இல்லை என்று சாக்குச் சொல்லி அதையே பூசியிருந்தான்.

துரைசானியின் சாப்பாட்டு அறையில் மேஜை பளபளத்தது. அவன் கால் படுகிற இடத்திலெல்லாம் ஆபிரகாம் பழைய பத்திரிகைத் தாளை விரித்தான். படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேஜைமேல், அதற்கும் அடியில் தாள் போட்டு வைத்தான். பதினோரு துண்டும் அழுகிய வாழைப்பழத்தோல் நிறத்தில் இருந்தன.

ஏசுபாதம் ஈரத் துணியை நுனியில் சுருட்டிக்கொண்டு மூன்றாவது ஆளின் மேல் ஒற்றினான். வெள்ளை சுலபமாகக் கழன்று வந்தது. பூசும்போது பிசினைக் குறைத்திருந்தான். ஏன் குறைத்தாய் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் அவனுக்கே தெரிந்திருக்காது. அடியிலிருந்த நிறம் இறுகிப்போய் அசையாமல் இருந்தது. முதலில் விலா எலும்பு வந்தது. பிறகு கயிறு, கயிற்றில் ஒரு பெண் கை போட்ட இரட்டை முடிச்சு, பிறகு பில்லை. 714. மேலே கோவிந்தன் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு முதுகைச் சொறிந்தான். இன்னும் நாலைந்து மணி நேரத்தில் சாகப்போகிறவன் அத்தனை சுகமாக இருந்தான். ஏசுபாதத்துக்குக் கண் மறைத்தது. அதற்குப் பிறகு கை நிற்கவில்லை, பதினோரு துண்டையும் துடைத்தெடுத்தான்.

துரைசானி வந்தாள்.

"என்ன இது? துண்டு எங்கே? மறுபடி அழுக்கு!"

இன்றைக்கும் தலையைச் சொறிந்து இதோ வெளுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் பன்னிரண்டு படம் கையில் இருந்திருக்கும். ஏசுபாதம் விரலைப் படத்தில் வைத்தான்.

"அம்மா, இந்த ஆளு செத்துப்போனாரு. படம் போட்ட அன்னிக்கே. உங்க துரையோட ஷாஃப்ட்லதான்."

துரைசானிக்கு அது புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் இரண்டடி பின்னால் போனாள். பாவம் என்றாவது சொல்வாள் என்று ஏசுபாதம் எதிர்பார்த்தான்.

"செத்த கூலி," என்றாள், "ஒரு மாசமாக என் சாப்பாட்டு மேஜைக்கு மேலேயா?" கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று, படமே நாறுகிற மாதிரி. "ஆபிரகாம்! வெளியே கொண்டுபோ. இந்த ஆளையும் வெளியே அனுப்பு. வேண்டாம், ஒரு படமும் வேண்டாம்!"

ஆபிரகாம் தீட்டுத் துணியை எடுக்கிற மாதிரி படத்தை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியே ஏசுபாதத்தின் கையில் போட்டான். கதவு சாத்தப்பட்டது. ஏசுபாதம் வாழ்நாளெல்லாம் அருவருப்பை விற்றுத் தின்றவன். இன்னொருவர் அருவருப்பு அவனுக்கு உபகாரம் செய்தது இதுதான் முதல் தடவை.

படத்தை எடுத்துக்கொண்டு நேராக ஆஜர் ஆபீஸுக்குப் போனான். குமாஸ்தா ஜெயகரன் அவனோடு ஒரே கோயிலுக்கு வருகிறவன்தான். படத்தைப் பார்த்தான், ஏசுபாதம் சொன்னதையெல்லாம் கேட்டான், ரிஜிஸ்டரைத் திறந்தான்.

"இங்க பாரு. எழுநூத்திப் பதினாலு, பெருமாள். செத்தாச்சி, கோடு போட்டாச்சி. படத்துல இருக்கறது கோவிந்தன்னு யாரு சொல்றது? நீ. நீ பெயிண்டரு. நாளைக்கு என்னைய ராஜான்னுகூட வரைவே. படத்தப் பாத்து ரிஜிஸ்டர மாத்தினா துரை என் சீட்டக் கிழிப்பாரு."

"உனக்குத் தெரியாதாய்யா? மனசாட்சியத் தொட்டுச் சொல்லு."

"நான் பில்லையத்தான் பாக்கறேன், மூஞ்சியப் பாக்கறதில்ல." மூடப்போன ரிஜிஸ்டரை அப்படியே வைத்துவிட்டுப் படத்தின்மேல் குனிந்தான். "இரு இரு. ஜன்னல்ல உக்காந்து காதக் கொடையறானே, அது யாரு?"

"நீதான்."

"நானா? அநியாயம்யா! எனக்கு அன்னிக்குக் காதுவலி, எண்ணெ உட்டிருந்தது, அதனால..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அத்த அழிச்சுடு. கோயில் ஜனம் பாத்தா சிரிப்பாங்க."

ஏசுபாதம் படத்தை எடுத்துக்கொண்டான். கேட்டபோது எதையும் பார்க்காதவன், தன் காதில் குச்சியைப் பார்த்ததும் அன்றைக்கு அங்கே இருந்ததை அவனாகவே கக்கிவிட்டான். ஏசுபாதத்துக்கு இந்த ஜனத்தைத் தெரியும். பக்கத்து வீடு எரிந்தால் பார்க்கவில்லை என்பார்கள். தன் தொந்தியைக் கொஞ்சம் பெரிதாக வரைந்துவிட்டால் போதும், ஏழு ஊருக்குக் கேட்கச் சண்டை போடுவார்கள்.

சனிக்கிழமை அவன் லைனுக்குப் போய் ரத்தினம்மாவைப் பார்த்தான். அவள் வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குப் பொய் சொல்லிட்டேம்மா. துண்டு நான் போட்டது. அடியில எல்லாம் இருக்குது."

"தெரியும்," என்றாள் அவள் தலை தூக்காமல். "கதவுக்குக் கதவு நம்பர் எழுதறவன் நம்பர உட்டுட்டா வரைவே?"

"நாளைக்குக் கோயில் முடியற நேரத்துக்குக் கடைக்கு வா. உள்ள கதவுக்குப் பின்னாடி நில்லு. நான் கூப்பிடற வரைக்கும் வெளிய வராதே."

ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் சந்தை கூடியிருந்தது. ஆராதனை முடிந்து வந்தவர்கள், கருவாடு வாங்க வந்தவர்கள், கள்ளுக்கடைக்குக் கிளம்பியவர்கள் எல்லோருமாக நெரிசல். ஏசுபாதம் படத்தைப் பெயர்ப்பலகைக்குக் கீழே ஆணியில் மாட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். தேனைக் கொட்டிவிட்டு ஈயைக் கூப்பிடவேண்டுமா?

முதலில் வந்தவன் ஆறாவது ஆள். "இன்னாய்யா, என் கொட்டாவில பல்லெல்லாம் தெரியுது? ரெண்டு பல்லுதான்யா போயிருக்குது, நீ நாலு தூக்கிட்டே!" பிறகு ஒன்பதாவது ஆள் தன் பொண்டாட்டியோடு வந்து, மூக்கில் விரல் விட்டதாக வரைந்ததற்குச் சத்தம் போட்டான். அவன் பொண்டாட்டி, "எப்பவும் அங்கதானே வெச்சினு கீறே," என்றாள். கூட்டம் சிரித்தது. சிரிப்பைக் கேட்டு இன்னும் கூட்டம் சேர்ந்தது. ஜெயகரன் கையில் வேதப்புத்தகத்தோடு நெருக்கிக்கொண்டு வந்து, "அழிக்கச் சொன்னேனே," என்று பல்லைக் கடித்தான். ஏசுபாதம் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னான். "அன்னிக்கு எப்படி நின்னீங்களோ அப்படி. இல்லைன்னு சொல்லுங்க பாக்கலாம்."

இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. பல்லும் மூக்கும்தான் தகராறு.

நாலாவது ஆள் டேவிட் வந்தான். கீழே மரம் முட்டுக் கொடுக்கிற வேலை, வாட்டசாட்டமான ஆள், கொஞ்சம் முன்கோபி. படத்தில் அவன் முகம் வேப்பங்காயைக் கடித்த மாதிரி இருந்தது.

"யோவ் ஏசுபாதம், என் மூஞ்சிய இன்னாத்துக்குக் கொரங்கு மாதிரி போட்டுகீறே? நான் அப்படியா நிப்பேன்?"

"நின்னியே. நான் பாத்தத வரைஞ்சேன்."

"ஏன் நிக்கமாட்டேன்? முன்னாடி நிக்கறவன் முதுகச் சொறிஞ்சிகினே மொழங்கையால மார்ல இடிச்சா மூஞ்சி அப்படித்தான் இருக்கும்! தள்ளி நில்லுடான்னு நாலு தபா சொல்லிட்டேன். அந்தக் கோவிந்தன் எப்பவும்..."

டேவிட் நிறுத்தினான். நிறுத்தியது எல்லோருக்கும் கேட்டது. கருவாட்டுக்காரி தராசைக் கீழே வைத்தாள்.

ஏசுபாதம் ஸ்டூலைவிட்டு எழுந்தான். "சொல்லுய்யா. உன் முன்னாடி யாரு நின்னது? கழுத்துல எழுநூத்திப் பதினாலு தொங்குதே, அது யாரு?"

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து, கூப்பிடாமலேயே, ரத்தினம்மா வெளியே வந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. படத்துக்கு முன்னால் போய் நின்றாள். குழந்தை கையை நீட்டி மூன்றாவது ஆளின் வயிற்றில் தட்டியது.

"படமாம் படம்!" குடையால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கன்னியப்பன் மேஸ்திரி வந்தார். "எவனோ கிறுக்கினான்னு அல்லாரும் வாய்ப் பொளந்துகினு நிக்கறீங்க. நான் அன்னிக்கு அந்தப் பக்கமே போகல. டேவிட், போடா வூட்டுக்கு!"

"போகலையா?" என்றாள் ஒன்பதாவது ஆளின் பொண்டாட்டி. "குடை உன்னுது, மோதிரம் உன்னுது. மூஞ்சி மட்டும் வாடகைக்கா எடுத்தாந்தான்?"

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. மேஸ்திரி படத்தைக் கிழிக்கக் கை நீட்டினார். டேவிட் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் அழ ஆரம்பித்துவிட்டான். அவ்வளவு பெரிய உடம்பு அப்படி அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"கோவிந்தன்தான். என் முன்னாடிதான் எறங்கினான். பொணத்த மேல ஏத்தனதும் நான்தான். அது பெருமாளு இல்லைன்னு அப்பவே தெரியும். வேலை பூடுமேன்னு வாயப் பொத்திகினு இருந்தேன்."

ஒருவன் வாயைத் திறந்ததும் மற்றவர்களுக்கும் நாக்கு முளைத்தது. ஆறாவது ஆள் தானும் பார்த்தேன் என்றான், ஒன்பதாவது ஆள் தான்தான் முதலில் பார்த்தேன் என்றான். ஏசுபாதத்துக்கு அவர்கள் பொய்யைவிட இந்த உண்மை அதிகமாகக் குமட்டியது. நாலு வாரமாக எங்கேயடா போயிருந்தது இந்த வாய்?

ஜெயகரன் கூட்டத்தைப் பார்த்தான். கோயில் பாதிரி ஐயர்கூட ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக் காலைக்குள் இது துரை காதுக்குப் போய்விடும். வேறு யாராவது சொல்வதற்குள் தான் எழுதிவிடுவதுதான் பிழைக்கும் வழி என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. வேதப்புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு தாளை உருவி, அங்கேயே ஸ்டூலில் வைத்து எழுதினான். இறந்தது கோவிந்தன். ஒவ்வொருவனும் பெருவிரல் ரேகை வைத்தான். மை போதாமல் ஏசுபாதத்தின் கறுப்பு வர்ணத்தில் தொட்டு வைத்தார்கள். மேஸ்திரி குடையை மடக்கிக்கொண்டு எப்போது நழுவினார் என்று தெரியவில்லை.

"வூட்டக் காலி பண்ண வேணாம்னு நாளைக்குச் சொல்லி உடறேன்," என்றான் ஜெயகரன் ரத்தினம்மாவிடம், ஏதோ தன் வீட்டைத் தருகிறவன் மாதிரி. அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

கூட்டம் கலைந்தது. கருவாட்டுக்காரி மறுபடி கூவினாள். சாட்சி சொன்னவர்களில் பாதிப்பேர் கள்ளுக்கடைப் பக்கம் போனார்கள். நாலு வாரமாக இந்த ஒரு வார்த்தைக்காக அலைந்த ரத்தினம்மா, அது கிடைத்ததும் கடைப் படியில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவள் புருஷன் அன்றைக்குத்தான் செத்தான். ஏசுபாதம் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு நின்றான்.

அழுது ஓய்ந்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து படத்தினருகே வந்தாள்.

"அண்ணா, அவருக்கு மட்டும் அந்தத் துண்டத் திருப்பிப் போட்டுடு."

ஏசுபாதத்துக்குச் சுரீரென்றது. "இன்னாம்மா இது? அத்த எடுக்கத்தானே இவ்ளோ பாடு?"

"எழுதிட்டாங்களே. இன்னமே அந்தப் பில்லை எதுக்கு? அது அவருது இல்ல." விரலால் கயிற்று முடிச்சைத் தொட்டாள். "கோடி போடாமப் பொதச்சிட்டாங்க அண்ணா. எவன் பேர்லயோ பொதச்சாங்க. எங்க வூட்டு ஜனம் ஒருத்தர் ஒரு மொழம் புதுத்துணி மேல போடல. உயிரோட இருந்தப்பவும் அவருக்கு வெள்ளத் துண்டுன்னு ஒண்ணு இருந்ததில்ல. ஒண்ணு போடு."

ஏசுபாதம் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான். கடையில் வேறு வெள்ளை இல்லை, இந்தத் தடவை சாக்குக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இல்லை. சபேதாப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"இது கறுத்துடும்மா. இந்த ஊர்க் காத்துக்கு ஒரு மாசம் தாங்காது."

"கறுக்கட்டும்," என்றாள் ரத்தினம்மா. "மண்ணுக்குள்ள போன கோடி எந்த ஊர்ல வெளுப்பா இருந்திச்சி?"

அவன் உட்கார்ந்து குழைக்க ஆரம்பித்தான். இந்த முறை பிசினைக் குறைக்கவில்லை.